பின்னால் வரும் பஸ்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கராம்பு மூட்டைகளில் ஒட்டும் துண்டுகள்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம், ஒரு காலத்தில் என் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவின் மகள் வெளிநாட்டிலிருந்து என்னோடு பேசினாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எல்லாரும் பயணம் போக டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு, புருஷனையும் ஒரு பிள்ளையையும் வேறு விமானத்தில் அனுப்பலாமா என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்ததாம். வந்ததும் தன்னை நினைத்துத் தானே பயந்துவிட்டாளாம். "அம்மா அப்படித்தானே இருந்தாங்க சித்தி? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறத எழுதி அனுப்புங்களேன்" என்று கேட்டாள். அக்கா இப்போது உயிரோடு இல்லை. கேட்பதற்கு நான்தான் மிச்சம்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு தாளில் பெயர் இருந்தால் அந்தத் தாளுக்கு நகல் ஒன்று வேறொரு வீட்டில் இருக்க வேண்டும் என்பார் அவர். அவருடைய பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் அவருடைய சூட்கேஸில் இருந்தன. அவற்றின் நகல்கள் என் அலுமாரியில், என் சேலைகளுக்கு அடியில் இருந்தன. கல்யாணப் படங்களில் பாதியும் என்னிடம்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. மாத்தளை டவுனில் ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் நானும் அண்ணன் குடும்பமும். மறுபக்கம் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. அவர்களுடைய அப்பா கத்தாரில் டிரைவர். வெள்ளிக்கிழமைகளில் சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடைக்கு அவருடைய போன் வரும். அக்காவும் நானும் அலுவிகாரைப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனின் களஞ்சியத்தில் வேலை செய்தோம். ஏலக்காய், கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் தரம் பிரித்துப் பையில் போடுகிற வேலை. அக்காவின் இடது கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கராம்பு இருக்கும். கேட்டால், "இது வாயில கெடந்தா நான் திட்டுற கெட்ட வார்த்தைகூட மணக்கும்டி" என்பார்.

அவர் பிள்ளைகள் இருவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்ற மாட்டார். அதுதான் அவர். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வைத்த காலம். ரேடியோவில் செய்தி வரும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். பிறகு ஒரு மாதம் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு மாதம்தான் அக்காவுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். "இன்னும் வரல்லைனா வரப்போகுதுன்னு அர்த்தம்" என்பார். பல்லேகமவில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போவதானாலும் சரி, கண்டியில் உடுப்பு எடுக்கப் போவதானாலும் சரி, அவரும் சின்னவனும் முதல் பஸ்ஸில் போவார்கள். நானும் பெரியவளும் அடுத்த பஸ்ஸில் போவோம். "ரெண்டாப் போவோம். ஒண்ணாவது வந்து சேரும்." இதை அரிசி விலை சொல்வதுபோல் சொல்வார். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போதும் சொல்வார்.

சின்னவன் அம்மாவை விட்டு இருக்க மாட்டான் என்பதால் பின்னால் வரும் பஸ் எப்போதும் பெரியவளுக்குத்தான். அவள் ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக நிற்பாள். முதல் பஸ் போகும்போது கை காட்ட மாட்டாள். அதன் பின் நம்பரை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வாள்.

ஞாயிறு பூசையிலும் இப்படித்தான். அக்காவும் சின்னவனும் இடது பக்கம், பக்கவாசலை ஒட்டி. நானும் பெரியவளும் வலது பக்கம், பின் வரிசையில். மாரியம்மன் கோயில் தேர் பார்க்க டவுனே திரண்டு வரும் நாளில் அவர் ஒரு முடுக்கில் நின்று பார்ப்பார். நாங்கள் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்து பார்ப்போம். தெருவில் ஐந்து தேர் போனாலும் பெரியவள் முதலில் தேடுவது அம்மாவின் சேலை நிறத்தைத்தான். கண்டுபிடித்ததும், "அங்க இருக்காங்க சித்தி" என்று எனக்குச் சொல்லிவிட்டு அப்புறம்தான் தேரைப் பார்ப்பாள்.

பயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்று அக்கா நினைத்தார். அதற்காக ஒரு விளையாட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் ஏறியதும், "சீட்டுக்கடியில பூனைக்குட்டி இருக்கா பாரு" என்பார். முன் பஸ்ஸில் சின்னவனும் பின் பஸ்ஸில் பெரியவளும் முட்டி போட்டுக் குனிந்து பார்ப்பார்கள். தங்கள் சீட்டுக்கு அடியில், முன் சீட்டுக்கு அடியில், பின் சீட்டுக்கு அடியில். சின்னவன் "பூனை இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் அவர் உட்காருவார். மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கண்டக்டர் ஒருவர் அவரைப் "பூனை அக்கா" என்றே கூப்பிட்டார். அக்காவும் கூடச் சிரிப்பார். கண் மட்டும் மேல் தட்டில் இருக்கும் பைகள் மேல் இருக்கும்.

ஒருநாள் சின்னவன், "பூனை இருக்கும்மா" என்றான்.

அன்று சின்னவனைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கொண்டுபோகிறோம். பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதனால் நாங்கள் மூவரும் ஒரே பஸ்ஸில். எங்களுக்கு முன் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை, வாய் இறுக்கிக் கட்டியபடி இருந்தது. அந்தச் சீட்டில் ஆள் இல்லை. டிரைவர் ஏறிவிட்டார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டார். பிள்ளைக்குச் சத்தி வரப்போகுது, வாந்தி எடுத்துவிடுவான் என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். இறங்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். பஸ் புறப்பட்டுப் போயிற்று.

கண்டக்டரிடம் பையைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கவே எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"சொல்லிட்டு? நாலு வார்த்தைக்கு மேல பேசினா தெரிஞ்சிரும் தமிழ்னு. உனக்கெப்படித் தெரியும், நீ ஏன் குனிஞ்சு பாத்தேம்பாங்க. அப்புறம் இந்தப் புள்ளய யாரு வச்சிக்கிறது, நீயா?"

கண்டிப் பக்கமிருந்து வந்த பஸ்கள் நாலைந்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தோம். எதுவும் நடந்திருக்கவில்லை. யாரோ கருவாடு வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கியிருப்பார்கள். ஆனால் அந்த பஸ்ஸின் முன் வாசலை ஒட்டிய சீட்டில் நிறைமாதப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். அதைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

கிளினிக் என்று சொன்னேன். சின்னவனுக்கு அதற்கு முந்தைய வருடம் காய்ச்சலில் வலிப்பு வந்து, பதினொரு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அப்போது அக்கா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்தார். பிள்ளை பிழைத்தால் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து காலடியில் விடுகிறேன், ஆளுயர மெழுகுவர்த்தி கொளுத்துகிறேன் என்று நேர்ந்தார். ஒரு பிள்ளையை என்று நேர்ந்திருக்கலாம். இரண்டு பிள்ளைகளையும் என்றுதான் வாயில் வந்ததாம்.

கத்தாரில் இருந்தவர் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார். திருச்சிக்கு விமானம். பாஸ்போர்ட் எடுத்தார் அக்கா. பிள்ளைகளை அவருடைய பாஸ்போர்ட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். விசாவும் கிடைத்தது. எல்லாம் சரியான பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. களஞ்சியத்தில் கராம்பு புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை அப்படியே கீழே வைத்தார்.

"பிளேன்ல எப்படிடி ரெண்டாப் போறது?"

டிக்கெட் கடைக்குப் போய், ஒரு பிள்ளைக்கு இன்றும் இன்னொரு பிள்ளைக்கு மூன்று நாள் கழித்தும் கேட்டார். ஏழு வயதுப் பிள்ளை தனியாகவா போகும் என்று கேட்டார்களாம். என்னைக் கூட அனுப்பலாம் என்றால் எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. வெள்ளிக்கிழமை போனில் புருஷன் கத்தியது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் ஓயும்வரை நின்றார். பிறகு, "உங்களுக்கென்னா, நீங்க எப்பவுமே வேற பஸ்லதானே இருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பயண நாளுக்கு முந்தின வாரம் அவர் எதையெல்லாம் இரண்டாக்கலாமோ அதையெல்லாம் இரண்டாக்கினார். இரண்டு பைகள். இரண்டிலும் இரு பிள்ளைகளின் உடுப்பிலும் பாதிப் பாதி. பிஸ்கட் இரண்டு பங்கு. மருந்துப் போத்தலில் பாதி வேறு போத்தலுக்கு. மெழுகுவர்த்திகளை ஓரிடத்தில் சொல்லிச் செய்வித்திருந்தார். ஒன்று பெரியவளின் உயரம், ஒன்று சின்னவனின் உயரம். அவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார். பெரியவளுடையதைத் தான் எடுத்துக்கொண்டு சின்னவனுடையதை என்னிடம் தந்தார். பாஸ்போர்ட் அவரிடம். அதனால் மூன்று டிக்கெட்டுகளும் என்னிடம். இதில் என்ன பிழை என்று அன்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

குருநாகல் போய், அங்கிருந்து நீர்கொழும்பு பஸ். நீர்கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. அன்று அங்கே தங்கி, மறுநாள் காலை விமானம். அக்காவும் சின்னவனும் முதலில் போனார்கள். அரை மணித்தியாலம் கழித்து நாங்கள் ஏறினோம்.

பெரியவள் ஏறியதும் குனிந்து மூன்று சீட்டுகளுக்கு அடியிலும் பார்த்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பூனை இல்ல சித்தி" என்றாள். பிறகு மெதுவாக, "பூனை இல்லைன்னு எனக்குத் தெரியும். குண்டுதானே பாக்கிறோம்" என்றாள்.

நான் கண்டக்டருக்குக் கொடுக்கும் காசை எடுத்து எண்ணினேன்.

"தம்பிக்குச் சொல்லிராதீங்க. அவன் பயப்படுவான்."

குருநாகலில் பஸ் மாறினோம். நீர்கொழும்புக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் செக்பொயிண்ட். எல்லாரும் இறங்கிப் பைகளோடு வரிசையாக நடக்க வேண்டும். எனக்கு அது பழக்கம்தான். ஐடென்டி கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். இளம் ஆமிக்காரர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். பையைத் திறந்தார். மேலே டிக்கெட்டுகள்.

இதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் சிங்களத்தில். டிக்கெட்டில் இருக்கிற பெயர் உன் பெயர் இல்லையே என்றார். அக்காவுடையது என்றேன். இந்தப் பிள்ளை யாருடையது என்றார். அக்காவுடையது. சொந்த அக்காவா என்று கேட்டார். ஓம் என்று சொல்லும்படிதான் அக்கா சொல்லித் தந்திருந்தார். ஓம் என்றேன். உன் அப்பா பெயர் ஒன்று, டிக்கெட்டில் இருக்கிறவரின் அப்பா பெயர் வேறு என்றார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பையிலிருந்து சின்னவனின் காற்சட்டைகள் வந்தன. இந்த ஆண் பிள்ளை எங்கே? முன்னால் போன பஸ்ஸில். ஏன் எல்லாரும் ஒன்றாகப் போகவில்லை? அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலில் குண்டு என்ற சொல் இருந்தது. துப்பாக்கி வைத்திருக்கிறவர் முன்னால் அந்தச் சொல்லை ஒரு தமிழ்ப் பெண் எப்படி வாய்விட்டுச் சொல்வது? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் பஸ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. போகும்போது அத்தனை பேரும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள்.

எங்களைத் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலுக்குள் உட்கார வைத்தார்கள். மணல் மூட்டைகளின் சூடும் வாடையும். மேசைமேல் டிக்கெட்டுகள், காற்சட்டைகள், மருந்துப் போத்தல், கயிறு கட்டிய நீளப் பொட்டலம். அந்தப் பொட்டலத்தை யாரும் தொடவில்லை. வேறொருவரைக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தார்கள்.

காத்திருந்த அந்த நேரத்தில் அக்கா எப்போதோ சொன்ன ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், ஏலக்காயைப் பார்த்துக்கொண்டே. எண்பத்து மூன்று கலவரத்தில் வேறொரு ஊரில் அவருடைய பெரியப்பா குடும்பம் ஐந்து பேரும் ஒரே அறைக்குள் ஒளிந்திருந்தார்களாம். "நாலு வீட்டுல ஆளுக்கொரு பக்கமாப் போயிருக்கலாம். ஒண்ணா இருந்தா தைரியமா இருக்கும்னு நெனச்சிருக்காங்க" என்றார். ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

வந்தவர் பொட்டலத்தின் கயிற்றை அறுத்தார். தாளைப் பிரித்தார். வெள்ளை மெழுகுவர்த்தி, மூன்றடி நீளம், என் மணிக்கட்டுத் தடிமன். மணந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"அது தம்பி" என்றாள் பெரியவள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பள்ளிக்கூடத்துச் சிங்களப் பிள்ளைகளோடு பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னாள். அது தம்பியின் உயரம். என்னுடையது அம்மாவிடம் இருக்கிறது. மாதா கோயிலில் கொளுத்துவதற்கு.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெழுகுவர்த்தியை மேசை விளிம்பில் வைத்து உடைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. திரி மட்டும் அறாமல் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பெண் பொலிஸ் ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். என்னிடம் கேட்டதையே திரும்பக் கேட்டார். ஏன் ஒன்றாகப் போகவில்லை? பெரியவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பஸ் வெடிச்சா ஒரு ஆளாவது மிச்சம் இருக்கணும்னு அம்மா சொன்னாங்க."

சிங்களத்தில் அதைக் கேட்க இன்னும் பயமாக இருந்தது. பெண் பொலிஸ் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னவனின் காற்சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். மேலே டிக்கெட்டுகளை வைத்து சிப்பை இழுத்தார்.

"என் பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்தான்" என்று அந்த ஆமிக்காரரிடம் சொன்னார். "ஆறு மணி பஸ்ஸில் ஒருத்தன், ஆறே கால் பஸ்ஸில் ஒருத்தன்."

அதுவரை அக்கா ஒருவர்தான் இப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

பெயர்களையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு எங்களை விட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. அடுத்து வந்த பஸ்ஸைப் பெண் பொலிஸே மறித்து எங்களை ஏற்றிவிட்டார். பெரியவள் சீட்டிலிருந்து இறங்கி முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு வந்தாள்.

நீர்கொழும்பு பஸ் ஸ்டேண்டில் அக்கா சின்னவனை இடுப்பில் வைத்தபடி நின்றார். ஒவ்வொரு பஸ்ஸின் பின் நம்பரையும் பார்த்து, இறங்குகிறவர்கள் எல்லாரிடமும் வழியில் ஏதும் நடந்ததா என்று கேட்டிருக்கிறார். எங்களைக் கண்டதும் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கிட்டே போனதும் பெரியவளின் இரண்டு காதையும், இரண்டு கையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு அவருடைய கண் என் கையில் இருந்த பொட்டலத்துக்குப் போயிற்று. நடுவில் அது மடங்கித் தொங்கியது.

"தம்பியோடது ஒடைஞ்சிருச்சும்மா. ஆனா திரி அறல்ல, பத்தும்" என்றாள் பெரியவள்.

அக்கா கன்னத்திலிருந்த கராம்பைத் துப்பினார்.

அன்று பின்னேரம், அந்த வீட்டுக் கிணற்றடியில் பிள்ளைகளின் உடுப்பைத் தோய்த்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார். சத்தம் போடாமல், ஏற்கனவே முடிவான விஷயம்போல் கேட்டார்.

"பெரியவள நீ வச்சிக்க. பத்தே நாள்தான். நாளைக்கு என்னை அனுப்பிட்டு அப்படியே மாத்தளைக்குக் கூட்டிட்டுப் போயிரு. ஒரு மெழுகுவர்த்தி இப்பவே ஒடைஞ்சு போச்சு. நான் ரெண்டையும் ஒண்ணா ஏத்தமாட்டேன்."

பக்கத்து வீட்டில் இருந்த அந்த நாலு வருடத்தில் அவர் கேட்ட எதற்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அன்று காலையிலிருந்து ஒரு விஷயம் என் மனதில் கிடந்து அரித்தது. கொட்டிலில் பொலிஸிடம் பேசியபோது பெரியவளின் முகத்தில் பயமே இல்லை. அம்மா இல்லாத பஸ்ஸில் இருந்து இருந்து, மிச்சம் இருக்கப் போகிற ஆள் தான்தான் என்று அவள் எப்போதோ தீர்மானித்துவிட்டாள்.

"மாட்டேன் அக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு புள்ளயையும்னுதானே நேர்ந்தீங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. விட்டுட்டுப் போனா நான் அவகிட்ட என்னான்னு சொல்றது?"

"ஒனக்கு என்னாடி தெரியும்" என்றார் அக்கா. "கல்யாணம் கட்டினியா, பெத்தியா? புள்ளயப் பெத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டிலும் சரி, காலையிலும் சரி, அவர் என்னோடு பேசவில்லை. பெரியவளின் உடுப்புகளை அவர் எந்தப் பையில் வைத்தார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியவளும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சப்பாத்தைத் தானே துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த நாட்களில் வழியனுப்ப வருகிறவர்களை விமான நிலையத்துக்குக் கிட்டேயே விடமாட்டார்கள். வெளியே ஓரிடத்தில் எல்லாரையும் இறக்கி, சோதித்து, பயணிகளை மட்டும் ஒரு பஸ்ஸில் ஏற்றி உள்ளே கொண்டுபோவார்கள். எங்களுக்கு அது தெரியாது. கயிறு கட்டிய இடத்தில் நின்று, பஸ் வருவதைப் பார்த்ததும்தான் தெரிந்தது. விமானத்துக்கு முன்னால் இன்னொரு பஸ்.

வரிசை நகர்ந்தது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம். அக்கா பாஸ்போர்ட்டையும் மூன்று டிக்கெட்டுகளையும் காட்டினார். சோதிக்கிறவர் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு நீளப் பொட்டலங்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் படியில் ஏறினார்.

பெரியவள் ஏறவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வழக்கம்போல் தானாகவே வரிசையை விட்டு விலகி, கயிற்றுக்குக் கீழே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பஸ்ஸின் பின் பக்கம் பார்த்தாள்.

"இந்த பஸ்ஸுக்கு நம்பர் இல்ல சித்தி" என்றாள்.

அக்கா இரண்டாவது படியில் நின்று திரும்பினார். பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் கைக்குள் இருந்த கை சின்னது, வியர்த்திருந்தது. நான் இறுக்கிப் பிடித்திருந்தால் அவர் அப்படியே போயிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் கையை விட்டேன். பெரியவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறு" என்றார் அக்கா.

அவள் அசையவில்லை. அக்கா சின்னவனைக் கீழே இறக்கி விட்டார். இறங்கி வந்தார். வெறும் கையால் பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏறுடி. எல்லாரும் ஒண்ணாப் போறோம்."

என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஜன்னல் வழியாக மூன்று தலைகள் தெரிந்தன. அக்காவின் கொண்டை, சின்னவனின் சுருள் முடி, பெரியவளின் இரட்டைப் பின்னல். திடீரென்று மூன்று தலைகளும் ஒன்றாகக் காணாமல் போயின. ஏதோ நடந்துவிட்டது என்று கயிற்றைத் தாண்டப் போனேன். பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்தன. சீட்டுக்கு அடியில் பூனை பார்த்திருக்கிறார்கள்.

பஸ் போயிற்று.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். அன்று ஏலக்காய் தரம் பிரித்தோம். பிற்பகல் கொமினிகேஷன் கடைக்காரர் களஞ்சியத்து வாசலுக்கு வந்தார். இந்தியாவிலிருந்து போன் வந்ததாம். மூன்று பேரும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அக்கா சொல்லச் சொன்னாராம்.